இறங்காத கதவுகள்

காலை ஐந்தரைக்கு முதல் கதவைத் தூக்கினேன். பதினெட்டுக் கிலோ. கையால் மட்டும் தூக்கினால் இடுப்பு போய்விடும். கதவின் அடியை இடது முழங்காலில் ஏற்றி, தோளால் அணைத்து, கதவின் கீல்கள் வண்டித் தூணில் இருக்கும் தகடுகளோடு நேராக வரும்வரை மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும். வந்த நொடியில் ஆணியைச் செருகி ஒரே தட்டு. கையுறை போட்டால் ஆணி பிடிபடாது. போடாவிட்டால் தகட்டு விளிம்பு விரலைக் கிழிக்கும். நான் போடுவதில்லை. தகரக் கூரையில் படிந்த பனி கழுத்துக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குள் ஆறு கதவு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். முழங்கால் என்னுடையதுதானே, அவருக்கென்ன.

இதே கொட்டகையில் பதினாறு வருஷம் இதே சின்னக் காருக்குக் கதவு மாட்டியவள் நான். கம்பெனி அதற்கு வைத்த பெயர் ஏதோ நீளமாக இருக்கும். ரோட்டில் எல்லாரும் அதை வாண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். நான்கு பேர் இடித்துக்கொண்டு உட்காரலாம், ஐந்தாவது ஆளுக்கு மடிதான். ஒன்பது வருஷத்துக்கு முன் கம்பெனியை மூடினார்கள். இப்போது புதிதாக ஒரு முதலாளி அந்தப் பெயரை வாங்கி, வாண்டு மறுபடி வருகிறது என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை விழா. புத்தம்புது வண்டி இருபத்துநான்கு மேடைக்குப் போக வேண்டும். கதவு மாட்டும் வேலை அன்று செவ்வாய்க்கிழமைதான் தொடங்கியது.

வாண்டு கதவில் ஒரு சூட்சுமம் உண்டு. வரைபடத்தில் அது இருக்காது. புதுத் தூணின் தகடு, கதவின் பாரம் முதன்முதலாக ஏறும்போது ஒரு தீக்குச்சிக் கனம் கீழே இறங்கிக் கொடுக்கும். ஒரே தடவைதான். அப்புறம் ஆயுசுக்கும் அசையாது. அதனால் நாங்கள் கதவை எப்போதும் ஒரு தீக்குச்சி உயரத் தூக்கித்தான் மாட்டுவோம். கண்ணாடி, பூட்டு, ரப்பர் எல்லாம் ஏறியதும் தானாக இறங்கி, கோடு கோட்டோடு சேரும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, பத்துக் கதவு தப்பாகப் போனால் கைக்கே தெரிந்துவிடும்.

அன்று அது இறங்கவில்லை.

கண்ணாடி ஏற்றினேன், பூட்டு ஏற்றினேன். கதவைத் திறந்து அதில் தொங்கிக்கூடப் பார்த்தேன். என் எடை சாமானியமில்லை. தீக்குச்சிக் கனம் அப்படியே மேலே நின்றது. டார்ச்சும் அளவுகோலுமாக மேனேஜர் வந்தார். வயசு முப்பதுக்குள், ஷூவில் ஒரு துளி எண்ணெய் கிடையாது.

"என்னம்மா இது? கதவு உசந்து நிக்குது. பழைய ஆளுங்க கை வச்சா கண்ணாடி மாதிரி இருக்கும்னு சொன்னாங்க."

"இறங்கும் சார்."

"எப்ப? நான் ரிட்டயர் ஆனப்புறமா?"

கழற்றி மாட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரி சலவை அறையில் போர்வை மடித்ததில் கை மரத்துப் போய்விட்டதோ என்று பயந்தேன். அப்புறம் பக்கத்தில் பார்த்தால், நாங்கள் சின்னவர் என்று கூப்பிடும் பழைய கூட்டாளியும் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மற்ற இரண்டு பேரும் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கதவுப் பிரிவில் நாங்கள் நான்கு பேர். நான்கு பேருக்கும் ஒரே நாளில் கை கெட்டுப்போகுமா? என் மூக்கு வியர்க்க ஆரம்பித்தது அப்போதுதான்.

உண்மையில் வந்த முதல் நாளிலிருந்தே எனக்கு மனசு ஒப்பவில்லை. வண்டிகளின் உடம்பு பின்கொட்டகையிலிருந்து பெயிண்ட் அடித்துத்தான் எங்களிடம் வரும். அந்தக் கொட்டகைக்குத் தனிக் கேட், தனி பஸ், பஸ் ஜன்னலில் திரை. கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆட்கள். எங்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அவர்களில் ஒருவரைப் பிடித்து, "உள்ள என்னப்பா வேலை?" என்று கேட்டேன். விரல் இடுக்கெல்லாம் சாம்பல் நிறப் பட்டி காய்ந்திருந்த நடுவயது மனிதர். "பட்டி பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு பாட்டிலை மூடக்கூட நேரமில்லாமல் ஓடினார். ஓட்டையும் நசுங்கலும் அடைக்கிற பட்டி புது வண்டிக்கு எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். சரியான உளவாளிக் கூட்டம் என்று திட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் தினம் ஒரே கேள்விதான் கேட்பார். பழைய கம்பெனியில் அவர் பிரஸ் ஓட்டினவர். தகட்டை வைத்தால் ஒரே அடியில் கதவாகவும் கூரையாகவும் வளைத்துத் தள்ளுமே, அந்த ராட்சசப் பிரஸ். கம்பெனி மூடியபோது அதை இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். இப்போது அவர் பிரெட் வேன் ஓட்டுகிறார். திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார். "பிரஸ் வந்துச்சா?"

"வரும்."

"பேரைத்தான வாங்கியிருக்கான். பேரை வச்சுத் தகடு வளைப்பானா?"

"வேற ஊர்ல அடிச்சுக் கொண்டாரானாம். போகப்போக இங்கயே பிரஸ் போடுவானாம். உங்களுக்கு நான் சந்தோஷமா இருந்தா பொறுக்காதே."

"நீ சந்தோஷமாவா இருக்க?" என்று கேட்டுவிட்டு டீ போடப் போனார்.

எனக்குச் சுருக்கென்றது. காரணம் உண்டு. மேனேஜர் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். பழைய ஆட்கள் பன்னிரண்டு பேர் வேண்டும், ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்றார். நான்தான் வீடுவீடாக ஏறி இறங்கினேன். சலவை அறையின் நிரந்தர வேலையை விட்டது என் தலையெழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். நெட்டையை என்ன சொல்வது? ஆறடிக்கு மேல் வளர்ந்தும் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவன். பஞ்சர் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான். "வேண்டாம்க்கா, எனக்கு நம்பிக்கை இல்ல" என்றவனை மூன்று முறை போய்ப் பேசிக் கடையை மூட வைத்தவள் நான்.

புதன்கிழமை காலை அவன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "அக்கா, புதுத் தகட்டைத் தட்டினா டங்குன்னு கேக்கணும்ல? இது டொக்குங்குது. தார் வேற இழுகு இழுகுன்னு இழுகியிருக்கானுங்க. அடியில ஏதோ மூடி மறைச்ச மாதிரி இருக்கு."

"வாயைக் கட்டு. மேனேஜர் வர்றார்."

நான் சொன்னது அதுதான். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் முழுங்க முடியவில்லை.

பத்து மணி இருக்கும். அவன் பின்சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்திருந்தான். உளுத்த மரம் முறிவதுபோல் ஒரு சத்தம். திரும்பினேன். வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஜாக்கி வழுக்கவில்லை, விழவில்லை. நின்ற இடத்திலேயே நேராக நின்று, வண்டியின் அடித்தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே ஏறியிருந்தது. நெட்டையின் வலது கால் முழங்காலுக்குக் கீழே வண்டிக்கு அடியில். அவன் கத்தவில்லை. "அக்கா, அக்கா" என்று மெதுவாகக் கூப்பிட்டான். பதினோரு பேரும் ஓடிப்போய் வண்டியை வெறும் கையால் தூக்கினோம். அந்தப் பட்டிக்காரரும் எங்கிருந்தோ ஓடிவந்து தோள் கொடுத்ததை நான் பார்த்தேன். நெட்டையை வெளியே இழுத்தபோது அவன் சட்டையெல்லாம் செம்பழுப்புத் தூள். புது வண்டியிலிருந்து துரு கொட்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் போனதும் மேனேஜர் கை தட்டினார். "வேலையைப் பாருங்க. வெள்ளிக்கிழமை யாருக்காகவும் நிக்காது."

கதவைத் தூக்கினேன். கவனம் கதவில் இல்லை. கதவு பிடியிலிருந்து நழுவ, விழாமலிருக்கத் தூணைப் பற்றினேன். விரல் கீல் தகட்டின் உள்பக்கம் பட்டது. பெயிண்டுக்கு அடியில் ஏதோ குழிகுழியாகத் தட்டுப்பட்டது. மறுபடி தடவினேன். மேலே ஒன்று, கீழே இரண்டு. முக்கோணமாக மூன்று புள்ளி.

அது என் புள்ளி.

எங்கள் கதவுப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. கதவு மாட்டி முடித்ததும் அவரவர் ஆணி உளியால் கீல் தகட்டின் உள்பக்கம் தன் புள்ளியைக் குத்திவிட வேண்டும். எனக்கு முக்கோணமாக மூன்று. சின்னவருக்கு மேலும் கீழுமாக இரண்டு. வண்டி ஏதாவது குறையோடு திரும்பி வந்தால் புள்ளியைப் பார்த்து, குத்தினவரே போய்ச் சரிசெய்ய வேண்டும். என் வேலை இது, தப்பு இருந்தால் என்னைக் கேள், அடுத்தவர் தலையில் கட்டாதே என்று அர்த்தம். கம்பெனி சொல்லி வந்ததில்லை, நாங்களாக வைத்துக்கொண்டது. புதுக் கம்பெனியில் புள்ளி குத்தக் கூடாது, பெயிண்ட் கெடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஆணி உளியின் நுனியால் பெயிண்டைச் சுரண்டினேன். மேலே வெள்ளை, அதற்கடியில் சாம்பல் பட்டி, அதற்கடியில் பழைய நீலம். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய வாண்டு நீலம். நான் எப்போதோ மாட்டிய கதவின் தகடு இது. என்றைக்கோ இறங்கிக் கொடுத்து முடித்த தூண். மறுபடி எப்படி இறங்கும்? என் கை கெட்டுப்போகவில்லை. பழைய வண்டியைப் பட்டி டிங்கரிங் பார்த்துப் புது வண்டி என்று எங்கள் கையாலேயே ஊர் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

சாப்பாட்டு மணி அடிக்கும்வரை கதவு மாட்டிக்கொண்டே இருந்தேன். மணி அடித்ததும் மற்ற மூவரையும் கூப்பிட்டு, "கீல் தகட்டுக்கு உள்ள விரலை விட்டுப் பாருங்க" என்றேன்.

ஒவ்வொரு வண்டியாகத் தடவினோம். "இது என்னோடது." "இது உன்னோடது." யாரோ சிரிக்கவும் செய்தார்கள், காணாமல்போன பொருள் கிடைத்த மாதிரிதான் முதலில் இருந்தது. பதினோராவது வண்டியில் சின்னவர் கையை எடுக்கவே இல்லை. நான் பக்கத்தில் போனேன். வரிசையாக ஐந்து புள்ளி. அவருடைய அண்ணனுடையது. எங்களோடு கதவு மாட்டியவர். கம்பெனி மூடிய இரண்டாம் வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

"எங்க அண்ணன் செத்து ஏழு வருஷமாச்சு" என்றார் சின்னவர். "அவனையும் வேலைக்குக் கூப்பிட்டுட்டானுங்களா?"

ஐந்து புள்ளிமேல் இருந்த விரலை அப்புறம்தான் எடுத்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெட்டையின் கால் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறதாம். அவன் மனைவி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அக்கா, நான் ஜாக்கியைச் சரியான இடத்துலதான் வச்சேன்."

"தெரியும்ப்பா."

"மேனேஜர் வந்தார். என் கவனக்குறைவுன்னு எழுதுவாங்களாம். அப்படி எழுதினா கம்பெனி வைத்தியம் பாக்காதாமே? வேலையும் போயிடுமாமே?"

"எழுத விடமாட்டேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

வியாழக்கிழமை மத்தியானம் புது முதலாளி வந்தார். நல்ல மனிதர் மாதிரி பேசுவார். எனக்கு அதுதான் முதலிலிருந்தே பயம். எங்கள் பதினோரு பேரையும் அலுவலக அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மேஜையில் இரண்டு கட்டுக் காகிதம்.

"நீங்க எல்லாரும் என் குடும்பம்" என்று ஆரம்பித்தார். "இது உங்களோட நிரந்தர வேலை ஆர்டர். ஆறு மாசம் எதுக்கு? இன்னைக்கே தர்றேன். பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு ரெடியா இருக்கு."

"இன்னொரு கட்டு என்ன சார்?" என்றேன்.

"அதுவா? நேத்து நடந்த விபத்து. அவர் ஜாக்கியைத் தப்பான இடத்துல வச்சதை நீங்க பாத்தீங்கன்னு ஒரு சாட்சி. சும்மா ஃபார்மாலிட்டிதான்."

பதினொரு ஜோடிக் கண்ணும் முதல் கட்டின்மேல் இருந்தன. என் கண்ணும்தான். பொய் சொல்ல மாட்டேன், அந்தக் காகிதத்தில் என் பெயர் தலைகீழாகத் தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்களையெல்லாம் நான் கூட்டிவந்தது அந்தக் காகிதத்துக்காகத்தான். கையை நீட்டினால் கிடைத்துவிடும்.

"சார், வண்டியெல்லாம் பழசு" என்றார் சின்னவர் திடீரென்று.

முதலாளி சிரித்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களா! பழைய ஆளுங்கன்னா சும்மாவா? ஆமா, புதுப்பிச்சதுதான். அதுல என்ன தப்பு? வண்டியைக் காட்டினாத்தான் பணம் போடறவன் வருவான். பணம் வந்தாத்தான் பிரஸ் வரும். பிரஸ் வந்தாத்தான் உங்க பிள்ளைங்களுக்கும் வேலை. நாளைக்கு ஒருநாள் அனுசரிச்சுப் போங்க."

பேச்சு என்னவோ கோவையாகத்தான் இருந்தது. எங்களில் இரண்டு மூன்று பேர் தலையாட்டியதைப் பார்த்தேன். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

"நாளைக்கு அந்த வண்டியில ஜனங்களை ஏத்தி ஓட்டிக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"பின்னே? ரெண்டு ரவுண்டு. குழந்தை குட்டியோட வருவாங்க."

"ஜாக்கியைத் தாங்காத தகடு குழந்தையைத் தாங்குமா சார்?"

அவர் முகம் முதல்முறையாக மாறியது. "அம்மா, நீங்க கதவு மாட்டுற வேலையைப் பாருங்க."

"சரி, கதவுக்காரியாவே கேக்குறேன். பிரஸ் எங்க நிக்கும்?"

"பழைய பிரஸ் கொட்டகையிலதான்."

"காலையில அங்க போய்ப் பாத்துட்டு வந்தேன். பிரஸ்ஸுக்கு அடியில ஆள் உயரத்துக்குக் குழி வேணும், எங்க வீட்டுக்காரர் அதுல இறங்கித்தான் எண்ணெய் விடுவார். குழியெல்லாம் கான்கிரீட் போட்டு மூடியிருக்கு. அஸ்திவார போல்ட்டைத் தரையோட அறுத்திருக்கு. மேல பளபளன்னு டைல்ஸ். பிரஸ் போடறவன் டைல்ஸ் ஒட்டுவானா? அங்க என்ன சார் வரப்போகுது, கல்யாண மண்டபமா?"

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலையாட்டியவர்கள் தலையை நிறுத்திவிட்டார்கள். பிரஸ் வராது என்று மேனேஜர், முதலாளி முகத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாளைக்குக் காலை எட்டு மணிவரை டைம்" என்றார் முதலாளி, நாற்காலியைத் தள்ளி எழுந்து. "கையெழுத்துப் போட்டா குடும்பம். போடலைன்னா கேட்டுக்கு வெளியில."

குழாயடியில் கூடி நின்றோம். நானே சொன்னேன். "என்னைத் திட்டறதுன்னா இப்பவே திட்டிடுங்க. நான்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

"திட்டறதைத் தவணையில வச்சுக்கலாம்க்கா" என்றார் சின்னவர். "இப்ப என்ன செய்யறது, அதைச் சொல்லு."

"அந்தக் கையெழுத்தைப் போட்டா நெட்டையோட வாழ்க்கை போச்சு. போட்டாலும் நமக்கு வேலை கிடையாது, பிரஸ் வராது. விழா முடிஞ்சா பூட்டுதான். ஆனா ஒண்ணு, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விழா தொடங்கறவரைக்கும் முதலாளிக்கு நாம வேணும். அதுக்கப்புறம் நம்மளை யாருன்னு கேப்பான். செய்யறதுன்னா அதுக்குள்ள செய்யணும்."

"வண்டியை உடைக்கலாமா?" என்றார் ஒருவர்.

"எதுக்கு உடைக்கணும்? நம்ம மாட்டினதை நாமளே கழட்டுவோம். ஒரு கீறல் விழக் கூடாது."

எதிர்த்து ஒருத்தரும் பேசவில்லை. உடனே சரி என்றும் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, அவரவர் வீட்டில் கேட்டு வருகிறோம் என்று கலைந்தார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. அதுவே எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

வெள்ளி விடிகாலை ஐந்தரைக்கு நான் கொட்டகைக்குள் போனபோது பத்துப் பேரும் எனக்கு முன்பே அங்கே இருந்தார்கள். சின்னவர் எனக்காக முதல் வண்டியை விட்டுவைத்திருந்தார். அவர் கையில் அண்ணனுடைய பழைய சுத்தியல்.

மாட்டுவதைவிடக் கழற்றுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் கதவைத் தூக்கிப் பார்த்ததில்லை. முழங்கால் கொடுத்து, தோள் கொடுத்து, ஆணியைக் கீழிருந்து தட்டி எழுப்பி, பாரம் மொத்தமும் நம் மேல் சாய்வதைத் தாங்கி இறக்க வேண்டும். கதவுப் பிரிவு நான்கு பேர் கழற்றினோம். சீட்டுக்காரர்களும் வயரிங்காரர்களும் ஏந்தி வாங்கினார்கள். பெயிண்ட் உரசாமல் இருக்க அட்டை விரித்து, வண்டிக்கு இரண்டாக நாற்பத்தெட்டுக் கதவையும் முன்கேட்டின் உள்சுவரில் வரிசையாகச் சாய்த்தோம். ஏழரைக்கு எங்கள் சட்டை பிழிந்தால் ஊற்றும். வண்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கொட்டகைக்குள்ளேயே நின்றன. நெட்டை மேல் விழுந்த வண்டி மட்டும் சாய்ந்தபடியே கொட்டகை வாசலில் கிடந்தது.

அதன்பின் ஒரு காகிதத்தில் நாங்களே எழுதினோம். ஜாக்கி சரியான இடத்தில்தான் இருந்தது, தகடு உளுத்திருந்தது, பதினோரு பேரும் பார்த்தோம். கையெழுத்துக்குப் பக்கத்தில் அவரவர் புள்ளி. புள்ளி இல்லாத மற்றவர்களும் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். சீட்டுக்காரர் எட்டுப் புள்ளி வைத்தார். "உனக்கு எதுலயும் பேராசை" என்று வயரிங்காரர் அவர் தலையில் தட்டினார்.

மேனேஜர் வந்தவர் கதவுகளைப் பார்த்து அப்படியே நின்றார். அப்புறம் ஓடினார். முதலாளி வந்தார். குடும்பம் என்ற வார்த்தை காணாமல் போயிருந்தது.

"போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க சார். அவங்களும் கீல் தகட்டுல விரலை வச்சுப் பாக்கட்டும்."

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"நெட்டைக்கு வைத்தியம். நடந்தது நடந்தபடி எழுதணும். இந்த வண்டியில ஒருத்தரும் ஏறக் கூடாது. பிரஸ் வருமா வராதான்னு வந்தவங்க முன்னால சொல்லணும்."

"நீங்க மாட்டலைன்னா எனக்கு ஆள் இல்லையா?" அவர் பின்கொட்டகைப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். கதவு திறந்தது. கான்ட்ராக்ட் ஆட்கள் முப்பது பேர் வெளியே வந்தார்கள். முடிந்தது, இவர்கள் வந்து மாட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். திட்டுவதற்கு வார்த்தைகூடத் தேடிக்கொண்டேன்.

முன்னால் வந்தவர் பட்டிக்காரர். கையில் ஒரு தகர டப்பா. முதலாளியைத் தாண்டி நேராக என்னிடம் வந்து டப்பாவைத் திறந்தார். பழைய வண்டிகளின் நம்பர் பொறித்த சின்னத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தயாரித்த வருஷம் இருந்தது.

"இருபத்துநாலும் இருக்கு" என்றார். "பிடுங்கிக் குப்பையில போடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரலை. பேசினா பஸ்ஸிலேர்ந்து இறக்கிடுவோம்னாங்க, அதான் அன்னைக்கு உங்ககிட்ட நின்னு பேசலை."

"நான் உங்களை உளவாளின்னு நினைச்சேன்" என்றேன். மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியவில்லை.

"நாங்களும் உங்களை அப்படித்தான் நினைச்சோம்" என்றார் அவர். கொஞ்சம் சிரித்தார். பிறகு சாய்ந்து கிடந்த வண்டியைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த ஓட்டையை மூடினது நான்தான். கை அளவு ஓட்டை. பட்டியை அப்பித் தார் இழுக்கச் சொன்னாங்க, இழுத்தேன். ரெண்டு ராத்திரியா எனக்குத் தூக்கமில்ல." அவர் என் கையில் இருந்த ஆணி உளியைப் பார்த்தார். "நீங்க புள்ளி குத்துவீங்கன்னு சொன்னாங்க. வெளியாளும் குத்தலாமா?"

உளியையும் சுத்தியலையும் கொடுத்தேன். அவர் சாய்ந்த வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஜாக்கி பொத்த இடத்துக்கு அருகே இன்னும் உறுதியாக இருந்த தகட்டில் உளியை வைத்து ஒரே தட்டு. ஒற்றைப் புள்ளி.

"இது என் வேலை" என்றார் முதலாளியைப் பார்த்து. "யார் கேட்டாலும் நான் சொல்றேன். அந்தத் தம்பி மேல போடாதீங்க."

அவரோடு வந்தவர்கள் கதவு வரிசைக்கு முன்னால் எங்களோடு வந்து நின்றார்கள். மேனேஜர் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். இன்றைக்கு எல்லாருக்கும் வேலை போகலாம். போலீஸ் வரலாம். நெட்டைக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் முந்தின நாள் குழாயடியில் இருந்த பயம் இப்போது இல்லை, போயே போய்விட்டது.

ஒன்பதேமுக்காலுக்குக் கேட்டுக்கு வெளியே விருந்தாளிகளின் கார்கள் வரிசையாக வந்து ஹாரன் அடித்தன. அவற்றுக்கு நடுவே வழியை அடைத்துக்கொண்டு ஒரு பிரெட் வேன் நின்றது. வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கேட்டுக் கம்பிகளுக்கு ஊடே உரக்கக் கத்தினார்.

"என்ன, பிரஸ் வந்துச்சா?"

கதவுகளையும் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற முப்பது பேரையும் திரும்பிப் பார்த்தேன்.

"பிரஸ் வரலை" என்று நானும் கத்தினேன். "ஆளுங்க வந்துட்டாங்க."

அவர் வேனை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். காவல்காரர் கேட்டைத் திறப்பதா வேண்டாமா என்று முதலாளியைப் பார்த்தார். பட்டிக்காரர் ஆணி உளியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார், நாங்கள் நெருங்கி நின்றோம்.